பொத்தான் கத்தி

நம் இதழில் தபால்தலை சேர்ப்பதைப் பற்றியும் பழங்காசு சேர்ப்பதைப் பற்றியும் அன்பர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படித்தவர்கள், "எவ்வளவு பயனுள்ள பொழுதுபோக்கு!" என்று பாராட்டியதையும் நான் கேட்டிருக்கிறேன். என் பொழுதுபோக்கைப் பற்றி மட்டும் இதுகாறும் சங்கத்து அன்பர் எவரிடத்தும் நான் வாய் திறந்ததில்லை. காரணம், நான் சேர்ப்பது கத்தி. அதிலும், பொத்தானை அழுத்தியவுடன் அலகு தானே வெளியே பாயும் பழைய அமெரிக்க மடக்குக் கத்தி. இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி, "ஏங்க, வேற விஷயமே கிடைக்கலையா? சங்கத்துல நம்மள என்னன்னு நினைப்பாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். முழுவதும் படித்தபின் அன்பர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று துணிந்து எழுதுகிறேன்.

நான் ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவன். பத்தாம் வகுப்புத் தேறி, 2006-ஆம் ஆண்டில் ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, பின்னர் இலாகாப் பரீட்சை எழுதிக் குமாஸ்தாவானேன். கத்திக்கும் எனக்கும் தொழில் முறையில் எந்தச் சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் என் பாட்டனார் காலத்தில் ஏற்பட்டது.

பாட்டனார் குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்தவர். பஞ்சம் பிழைக்க ஜோலார்பேட்டையில் ரயிலேறி பெங்களூருக்கு வந்தவர்களில் ஒருவர். 1940-ஆம் ஆண்டின் இறுதியில் வால்சந்த் ஹீராசந்த் என்ற தொழிலதிபர் மைசூர் அரசின் துணையுடன் இங்கே ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார் அல்லவா? அங்கே பாட்டனாருக்கு எடுபிடி வேலை கிடைத்தது. மூன்று ஆண்டுகள் கழியுமுன் யுத்தத்தின் காரணமாக அந்தத் தொழிற்சாலை அமெரிக்க ராணுவத்தின் விமானப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. பர்மா, சீனப் போர்முனைகளில் பறந்து பழுதான டகோட்டா, லிபரேட்டர் விமானங்கள் பெங்களூருக்கு வந்து புதுப்பிக்கப்பட்டுத் திரும்பின. தமிழ், கன்னடம், தெலுங்கு பேசிய நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்கரின் கீழ் நின்று வேலை பழகினார்கள். (யுத்தம் முடிந்தபின் கான்பூரில் உடைத்துப் போடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர் விமானங்களை 1948-இல் நம் தொழிற்சாலையினரே ஒட்டவைத்துப் பறக்கவிட்டார்கள். பிறர் எறிந்ததை எடுத்துப் புழங்குவது இந்த ஊருக்குப் பழக்கமான கலைதான்.)

1945-இல் ஊர் திரும்பிய ஓர் அமெரிக்க சார்ஜெண்ட், தமக்குக் குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்து வந்த என் பாட்டனாருக்கு ஒரு கத்தியைப் பரிசாகக் கொடுத்தாராம். பாட்டனார் சொன்னதைத் தவிர இதற்கு வேறு சான்று இல்லை. கத்தி மட்டும் இருக்கிறது. கறுத்த பிடி, மான்கொம்பைப் போலக் கரடுமுரடாகச் செதுக்கியது. பிடியின் முனையில் கயிறு கோத்துக்கொள்ள ஒரு வளையம். அலகின் அடியில் 'பிரெஸ்டோ' என்ற பெயரும், 1940-ஆம் ஆண்டு ஜனவரி 30 என்ற காப்புரிமைத் தேதியும், ஜார்ஜ் ஷ்ரேட் கம்பெனியின் பெயரும் தேய்ந்த எழுத்தில் தெரிகின்றன.

இதைப் பரிசாகப் பெற்ற பாட்டனார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். பொத்தானை அழுத்தினால் பாய்கிற கத்தி குடும்பஸ்தன் கையில் இருக்கத் தகாதது என்பது அவர் அபிப்பிராயம். ஆயுத பூஜையன்று வெளியே எடுத்துத் துடைத்துப் பொட்டு வைத்து மீண்டும் பூட்டிவிடுவார்.

1979-ஆம் ஆண்டு என் தந்தையாருக்கு இருபத்திரண்டு வயது. ஒரு மர அறுவை ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாலை அவருடைய வலக்கை மணிக்கட்டுக்குச் சற்று மேலே போய்விட்டது. இதற்குமேல் அதைப் பற்றி அவர் எங்களிடம் சொன்னதில்லை, அம்மாவும் கேட்டதில்லை. ஆறேழு மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்தபின், ஒரு தள்ளுவண்டி வாங்கிக் கொய்யாப்பழம் விற்பதென்று முடிவு செய்தார். கொய்யாவை நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தூவிக் கொடுக்க வேண்டும். அதற்குக் கத்தி வேண்டும். இங்கேதான் தொல்லை வந்தது.

சாதாரண மடக்குக் கத்தியைத் திறக்க இரண்டு கைகள் வேண்டும் என்பதை, இரண்டு கையும் உள்ள நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை. ஒரு கை பிடியைப் பற்றியிருக்க, மற்றொரு கையின் நகம் அலகிலுள்ள சிறு பள்ளத்தில் மாட்டி இழுக்க வேண்டும். தந்தையார் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு அலகைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார்; முன்பல் ஒன்று உடைந்தது. மடக்காத கத்தியாக ஒன்று வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஒற்றைக் கையால் வண்டி தள்ளுகிறவர், நின்று நின்று வியாபாரம் செய்கிறவர், திறந்த கத்தியை இடுப்பிலும் செருக முடியாது; வண்டியிலும் போட்டுவைக்க முடியாது. சுற்றிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

அன்றிரவு பாட்டனார் பெட்டியைத் திறந்து அமெரிக்கக் கத்தியை எடுத்து மகனிடம் கொடுத்தார். ஒன்றும் பேசவில்லையாம். தந்தையார் பொத்தானை அழுத்தினார். அலகு 'டக்' என்று நிமிர்ந்து நின்றது.

அந்தக் கத்தியினுள் நடப்பது இவ்வளவுதான். அலகை மடக்கும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகுகிறது. அலகின் அடிப்பாகத்திலுள்ள பள்ளத்தில் ஒரு சிறு முளை விழுந்து அலகைப் பிடித்துக்கொள்கிறது. பொத்தானை அழுத்தினால் முளை விலகுகிறது. ஸ்பிரிங் அலகை வெளியே தள்ளுகிறது. முழுவதும் திறந்ததும் முளை மீண்டும் விழுந்து, அலகு மடங்கிவிடாதபடி பூட்டிவிடுகிறது. சட்டைப் பையில் தானே திறந்துகொள்ளாமலிருக்கப் பொத்தானுக்கருகே ஒரு சிறு தாழ். ஆக, இரண்டாவது கை செய்ய வேண்டிய வேலையை ஒரு ஸ்பிரிங் செய்கிறது. ஆனால் பொத்தான் வலக்கைப் பெருவிரலுக்கு வாகாக வைக்கப்பட்டது. தந்தையாருக்கு இருந்தது இடக்கை. ஆகவே பெருவிரலால் தாழை நீக்கி, சுட்டுவிரலை வளைத்துப் பொத்தானை அழுத்துவார். மடக்குவதற்குப் பொத்தானை அழுத்தியபடியே அலகின் முதுகைத் தொடையில் வைத்துத் தள்ளுவார்.

ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கம் வண்டி நிற்கும். ஒரு பலகை, அதில் கீழிருந்து மேலாக அடித்த ஓர் ஆணி. கொய்யாவை ஆணியில் குத்தி நிறுத்திவிட்டு, 'டக்'. இரண்டு கீறல். பழம் பூப்போல விரியும். கத்தியின் நுனியாலேயே உப்பைத் தொட்டுத் தடவுவார். கோடையில் கொய்யாவுக்குப் பதில் மாங்காய். ரயிலுக்கு ஓடுகிறவர்கள் சில்லறையை வண்டியில் வைத்துவிட்டுப் பழத்தை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் வேலை முடிந்துவிடும். அந்த வண்டியில்தான் நாங்கள் மூவர் படித்தோம்.

நிற்க. இந்தக் கத்தியைச் செய்த ஜார்ஜ் ஷ்ரேட் என்பவரைப் பற்றிப் பின்னாளில் படித்தறிந்தேன். நியூயார்க் மாநிலத்திலுள்ள வால்டன் என்னும் சிற்றூர் கத்திக்குப் பெயர் பெற்றது. அங்கே பொத்தான் கத்தியைப் பெருவாரியாகச் செய்தவர்களில் அவர் முன்னோடி. 1892-இல் காப்புரிமை பெற்றார். 1904-இல் சகோதரர்களுடன் சேர்ந்து சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். அந்நாளில் அமெரிக்காவில் பொத்தான் கத்தியைக் குடியானவரும் மீன் பிடிப்பவரும் தையல் வேலை செய்த பெண்களும் வைத்திருந்தார்கள். ஒரு கை வேறு காரியத்தில் இருக்கும்போது மறு கையால் திறக்கலாம் என்பதே அதன் சிறப்பு. இரண்டாவது உலக யுத்தத்தில் விமானத்திலிருந்து குதிக்கும் பாராசூட் வீரர்களுக்கு இது கொடுக்கப்பட்டது. கயிற்றில் சிக்கித் தொங்குகிறவனுக்கு ஒரு கைதான் காலியாக இருக்கும். அந்த ஒரு கையால் கத்தியைத் திறந்து கயிற்றை அறுக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கத்தி அந்த வகையைச் சேர்ந்தது.

யுத்தம் முடிந்தபின் இதற்குக் கெட்ட பெயர் வந்தது. 1950-ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே ஒரு பெண்கள் பத்திரிகை, 'கொல்லும் பொம்மை' என்னும் பொருள்பட ஒரு கட்டுரை வெளியிட்டது. பிறகு சினிமாக்களும் நாடகங்களும் இந்தக் கத்தியைத் தெருச் சண்டைக்காரர்களின் கையில் கொடுத்தன. சாதாரண சமையற் கத்தியால் நடந்த குற்றங்களுக்குச் சமையற் கத்தியை யாரும் குறை கூறவில்லை; பொத்தானுக்குத்தான் பழி. 1958 ஆகஸ்டு 12-ஆம் தேதி அமெரிக்க மத்திய அரசு, மாநிலம் விட்டு மாநிலம் இதைக் கொண்டுசென்று விற்பதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. இப்போது காற்று திரும்பியிருக்கிறது. 2013-இல் டெக்ஸாஸ் மாநிலம் தன் தடையை நீக்கியது. 2024-இல் மாசசூசெட்ஸின் உச்ச நீதிமன்றம் அம்மாநிலத் தடை செல்லாது என்றது.

அந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. ராணுவத்தினருக்கு விலக்கு. அடுத்து, இன்னொரு விலக்கு. அதைக் கைப்பேசியில் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு கை மட்டுமே உள்ளவர், 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுடைய பொத்தான் கத்தியைத் தம்முடன் வைத்திருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. எங்கோ ஒரு சட்டசபையில் யாரோ ஒருவர் எழுந்து, "ஒற்றைக் கைக்காரன் என்ன செய்வான்?" என்று கேட்டிருக்க வேண்டும். எழுந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அலகை அளந்தேன். இந்த வகைக் கத்தி புதிதாக இருக்கும்போது அலகு 3 அங்குலத்துக்குச் சற்று அதிகம். தந்தையார் தீட்டித் தீட்டி நுனி தேய்ந்து, இன்று சரியாக 3 அங்குலம் இருக்கிறது.

இடையில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து நகரில் கலவரம் மூண்டது. அந்நாட்களைப் பற்றி நம் வீடுகளில் மூத்தோர் அதிகம் பேசுவதில்லை. நானும் அதிகம் எழுதப் போவதில்லை. எனக்கு வயது ஐந்து. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். வந்தவர்கள் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதைவிட, தமிழன் ஒருவன் வீட்டில் பொத்தான் கத்தி இருந்தது என்று யாரேனும் கண்டால் என்ன ஆகும் என்பதே என் தாயாரின் அச்சம். கொய்யா நறுக்கும் கத்தி என்று சொன்னால் அந்த நேரத்தில் யார் நம்புவார்கள்? அதைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்றாள். தந்தையார் பதில் சொல்லவில்லை.

அம்மா கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகச் சென்று, பக்கத்து வீட்டுக் கன்னடத்து அஜ்ஜியிடம் கொடுத்தாள். அஜ்ஜி என்ன ஏது என்று கேட்கவில்லை. ராகி மாவு டின்னுக்குள் அதை ஆழமாகப் புதைத்து மூடினாள். பிறகு எங்களையும் அழைத்துச் சென்று தன் வீட்டின் உள்ளறையில் படுக்க வைத்தாள். பத்து நாள் கழித்துக் கத்தி திரும்பி வந்தபோது அதன் ஸ்பிரிங் சந்தெல்லாம் ராகி மாவு. தந்தையார் ஈர்க்குச்சியும் கோழியிறகும் கொண்டு அரை நாள் உட்கார்ந்து சுத்தம் செய்தார். வண்டியை மறுபடியும் தள்ளிய அன்று முதல் கொய்யாவை நறுக்கி அஜ்ஜிக்குக் கொடுத்தார். அஜ்ஜிக்கு அப்போதே பல் கிடையாது. மென்று பார்த்துச் சிரித்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. இன்றும் அந்தக் கத்திக்குள் ராகி மாவு இருக்கிறது என்பாள் அம்மா.

இத்தனையும் அறிந்தவனாக இருந்தும், உயர்நிலைப் பள்ளியில் படித்த நாட்களில் என் தந்தையாரின் வண்டி நின்ற வழியாக நான் நடந்ததில்லை. பிள்ளைகள் என்னை, "பட்டன் கத்தி மகன்" என்று அழைத்தார்கள். சுற்று வழியாகப் போய்ப் பள்ளிக்குத் தாமதமாகி வாங்கிய அடிகளைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. தந்தையாருக்கு இது தெரியும். தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

2016-இல் அவர் காலமானார். காரியம் முடிந்த வாரமே கத்தி எனக்கு வந்தது. அதன் பின்னர்தான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது. ஒன்று இருந்தால் அதற்குத் துணையாக இன்னொன்று என்று தேடத் தொடங்கினேன். ஞாயிறு அதிகாலையில் சிக்பேட்டைச் சந்தைக்குப் போவேன். சிவாஜி நகர்ப் பழைய இரும்புக் கடைகளில் டப்பாக்களைக் கவிழ்த்துக் கிளறுவேன். பிரேசர் டவுனில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியா போகும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் மேஜை இழுப்பறைகளிலிருந்து சிலவற்றை வாங்கினேன். ஷெப்பீல்டில் செய்த ரோஜர்ஸ் பேனாக்கத்திகள் நம் நாட்டில் எங்கும் அகப்படும். அமெரிக்கக் கத்தி அரிது. யுத்தகாலத்தில் வந்த கமில்லஸ் கத்திகளே கொஞ்சம் கண்ணில் படும்.

சேர்க்கச் சேர்க்க அறிவும் வளர்ந்தது என்றே சொல்லவேண்டும். பென்சில்வேனியாவிலுள்ள கேஸ் கம்பெனி 1970-ஆம் ஆண்டில் தன் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளிகளைப் பொறித்தது. அதன்பின் ஆண்டுக்கு ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தது. ஆகவே புள்ளியை எண்ணினால் கத்தியின் வயது தெரியும். மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பது போலத்தான். தோலுறையில் கத்தியைப் போட்டு வைக்கலாகாது. தோல் பதனிட்ட ரசாயனம் பித்தளையைப் பச்சையாக்கிவிடும். பழைய செல்லுலாயிட் பிடியுள்ள கத்தியை மற்றவற்றுடன் ஒரே பெட்டியில் வைக்கலாகாது. செல்லுலாயிட் அழுகும்போது ஒரு வாயு கிளம்பி, பக்கத்திலிருக்கும் நல்ல கத்திகளையும் துருப்பிடிக்கச் செய்துவிடும். இதை நான் நான்கு கத்திகளைப் பறிகொடுத்துக் கற்றேன். கமில்லஸ் கம்பெனி 2007-இலும், ஷ்ரேட் பெயரைத் தாங்கிய கம்பெனி 2004-இலும் மூடப்பட்டுவிட்டன. அதனால் பழையவற்றுக்கு விலை ஏறியது. நம் நாட்டு ராம்பூர் கத்தியும் இரண்டு வாங்கினேன். உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் செய்யப்பட்டு, இந்திப் படங்களால் நாடெங்கும் அறியப்பட்ட கத்தி அது. தொழில் நசிந்த பிறகு, 2023-இல் அந்த ஊர்க்காரர்கள் நாற்சந்தியில் 20 அடி நீளக் கத்தி ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றிப் பேசுகின்றன. என்னிடமிருந்தவை அதில் பாதிகூட வாரா. ஆனால் டில்லியில் 1980-ஆம் ஆண்டு அறிவிப்பு ஒன்று, பொத்தானாலோ ஸ்பிரிங்காலோ திறக்கும் கத்தியில் 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் இருந்தாலே குற்றம் என்கிறது. 7.62 சென்டிமீட்டர் என்பது மூன்றே அங்குலம். ஆகவே நான் எந்தக் கத்தியையும் வீட்டு வாசலைத் தாண்டிக் கொண்டுபோனதில்லை. ரயிலில் வேலை செய்பவன் கத்தியோடு பிரயாணம் செய்வது அழகுமல்ல.

இப்படியாக என்னிடம் 43 கத்திகள் சேர்ந்தன. அவற்றில் 9 பொத்தான் கத்திகள். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று செய்து கூடத்தில் வைத்தேன். வருகிற நண்பர்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்து, 'டக்', 'டக்' என்று திறந்து காட்டுவேன். அவர்கள் திடுக்கிட்டுப் பின்வாங்குவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். எல்லோரும் மிகவும் ரசித்தது தந்தையாரின் கத்தியைத்தான். சத்தம் அதில்தான் கணீரென்று கேட்கும்.

சென்ற ஆண்டு ஒரு நாள் என் மகன் படிக்கும் பள்ளியிலிருந்து அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. உடனே வரவேண்டும் என்றார்கள். அவனுக்கு வயது பதினொன்று. போய்ப் பார்த்தால், தலைமையாசிரியை அம்மையாரின் மேஜை மேல் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரிக்காமலே அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மகன் மூலையில் நின்றுகொண்டிருந்தான்.

இடைவேளையில் நண்பர்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு திறந்து காட்டியிருக்கிறான். யாருக்கும் காயமில்லை. அலகு பாய்ந்தபோது ஒரு சிறுவனின் முகத்துக்கும் அதற்கும் நான்கு விரற்கடை இருந்ததாம். அம்மையார் அதைச் சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நா எழவில்லை. பிறகு தட்டுத் தடுமாறி, அது என் தந்தையாரின் கத்தி, அவருக்கு ஒரு கைதான், அவர் கொய்யா விற்றார் என்று சொன்னேன்.

அம்மையார் மகனிடம் திரும்பி, "இதை என்னன்னு சொல்லி நண்பர்களிடம் காட்டினாய்?" என்று கேட்டார்.

"ரௌடிக் கத்தின்னு சொன்னேன், மிஸ்."

அவனுக்குத் தாத்தாவின் முகமே நினைவில்லை. அவர் போனபோது அவன் இரண்டு வயதுக் குழந்தை. ஆணியடித்த பலகையை அவன் கண்டதில்லை. அது பரணில் கிடந்தது. கூடத்தில் நின்றுகொண்டு விருந்தினரைத் திடுக்கிட வைத்துச் சிரிக்கும் தன் தகப்பனை மட்டுமே அவன் கண்டிருக்கிறான். ரௌடிக் கத்தி என்று அவனுக்கு வேறு யார் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்?

இனி இவ்வாறு நேராது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். போலீசுக்குச் சொல்லாமல் விட்ட அம்மையாருக்கு நான் கடமைப்பட்டவன். வழி நெடுக மகனும் நானும் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் மனைவி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: "அந்தப் பையன் கண்ணுல பட்டிருந்தா?" அந்த நான்கு விரற்கடையை நான் இன்றும் இரவில் அளந்துகொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதத்துக்குள் எட்டுப் பொத்தான் கத்திகளையும் விற்றுவிட்டேன். வாங்கியவர் நெடுநாளாகச் சேர்ப்பவர். இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார். வீட்டில் சிறு பிள்ளைகள் இல்லை. தந்தையாரின் கத்தியையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அலகு தேய்ந்திருக்கிறது, பிடியில் வெடிப்பு. புதிதாக இருந்தால் நல்ல விலை கொடுப்பேன்" என்றார். நான் அதை விற்கக் கொண்டுபோகவில்லை, ஒப்புநோக்கத்தான் கொண்டுபோனேன். ஆயினும், தேய்ந்திருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. தேயாமல் எப்படி இருக்கும்? மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த அலகு அது.

அதையும் வீட்டில் வைத்திருக்க எனக்கு அச்சமாகவே இருந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டால் சாதாரண மடக்குக் கத்தியாகிவிடும், ஆபத்தில்லை என்று எண்ணி, சிவாஜி நகரில் சாணை பிடிக்கும் முதியவரான ஒரு சாயபுவிடம் எடுத்துச் சென்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பொத்தானையே பார்த்தார்.

"தம்பி, இத வச்சிருந்தவரு இடக்கைக்காரரா?" என்றார்.

"வலக்கை கிடையாதுங்க, பாய்."

"அதான் பொத்தான் ஒரு பக்கமா தேஞ்சிருக்கு" என்று சொல்லி, விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு முறை திறந்து மடக்கினார். "ஸ்பிரிங்கை எடுத்தா வெறும் தகரம்தான். நானே எடுக்கணும்னா எடுக்கறேன். ஆனா இதுவே இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல செத்துடும் தம்பி. தொவண்டு போயிருக்கு, பாருங்க." உண்மைதான். அலகு முன்போல் பாயவில்லை. முதியவர் எழுந்து நிற்பதைப் போல மெல்ல நிமிர்ந்தது. அவர் உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, துடைத்து, என்னிடமே கொடுத்துவிட்டார். கூலி வாங்கவில்லை.

கண்ணாடி அலமாரி இப்போது பிள்ளைகளின் புத்தகங்களுக்கு. மிஞ்சிய சாதாரணக் கத்திகள் தகரப் பெட்டியில் பூட்டிக் கிடக்கின்றன. தந்தையாரின் கத்தி பீரோவுக்குள் ரகசிய அறையில். சாவி அம்மாவின் இடுப்பில்.

இந்த ஆண்டு தந்தையாரின் திதியன்று பரணிலிருந்து பலகையை இறக்கிக் கழுவினோம். ஆணி துருப்பிடித்திருந்தது, மகன் உப்புத்தாள் தேய்த்துப் பளபளப்பாக்கினான். அம்மா சாவியை எடுத்துக் கொடுத்தாள். வலக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடக்கையால் திறந்து பார்த்தேன். சுட்டுவிரலால் பொத்தானை அழுத்துவது அவ்வளவு எளிதல்ல. மூன்றாம் முறைதான் தாழ் விலகியது. மகனைப் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கொய்யா ஆணியில் வழுக்கிற்று. கீறல் கோணலாக விழுந்தது. அவன் ஒவ்வொன்றையும் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா ஒரு நாளைக்கு எத்தனை பழம் நறுக்குவார்?" என்று கேட்டான். இருநூறு, முந்நூறு என்றேன். தன் வலக்கையைத் தானே முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பார்த்துக்கொண்டான்.

படையலிட்டுக் காக்கைக்கு வைத்துவிட்டு வந்து, அம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

"அவர் இன்னும் மெல்லிசா நறுக்குவாரு" என்றாள்.

மகன் அடுத்த பழத்தை எடுத்து ஆணியில் குத்தினான்.